ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஃபஸ் டெஸ்டிங்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஃபஸ் டெஸ்டிங் அல்லது ஃபஸ்ஸிங் என்பது, ஃபஸ்ஸர் என்ற கருவி தானாக மாற்றி மாற்றி உருவாக்கும் உள்ளீடுகளை உங்கள் கோடுக்குக் கொடுத்து, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பது. அதைத் தங்கள் திட்டத்தில் சேர்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரே மாலையில் ஒரு ஹார்னஸ் (ஃபஸ்ஸரையும் உங்கள் கோடையும் இணைக்கும் சிறு ஃபங்ஷன்) எழுதி, அன்றிரவே சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) இணைத்து, மறுநாள் கூகுளின் இலவச ஃபஸ்ஸிங் சேவையான ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸுக்குப் புல் ரிக்வஸ்ட் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் நாற்பது கிராஷ் அறிக்கைகள் வந்து நிற்கும். பாதி ஒரே பிழையின் பல முகங்களாக இருக்கும், மீதியில் சில ஹார்னஸின் பிழைகளாகவே இருக்கும். ஒரு மாதத்தில் அந்த மின்னஞ்சல்களை யாரும் திறப்பதில்லை.

இந்த வழிகாட்டி சி அல்லது சி++ இல் எழுதிய, வெளியிலிருந்து வரும் கோப்பையோ தரவையோ படிக்கும் நூலகத்தை வைத்து எழுதியது. கட்டளைகளையும் கொடிகளையும் (ஃபிளாக்) உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது அந்தந்தக் கருவியின் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மொழிக்காரர்களுக்கும் படிகளின் வரிசை இதேதான், கருவி மட்டும் மாறும். கோ மொழியில் 1.18 பதிப்பிலிருந்து ஃபஸ்ஸிங் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ரஸ்டுக்கு கார்கோ-ஃபஸ், பைத்தானுக்கு அத்தெரிஸ், ஜாவாவுக்கு ஜாஸர்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளாங் கம்பைலர். நாம் பயன்படுத்தப்போகும் ஃபஸ்ஸரான லிப்ஃபஸ்ஸர் கிளாங்கோடு வருவது. ஜிசிசியில் அட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் கருவி) உண்டு, லிப்ஃபஸ்ஸர் கிடையாது. மேக் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: எக்ஸ்கோடு தரும் ஆப்பிள் கிளாங்கில் லிப்ஃபஸ்ஸர் நூலகம் சேர்த்து வருவதில்லை. இணைக்கும் கட்டத்தில் 'ஃபஸ்ஸர் கோப்பு காணவில்லை' என்று நின்றால் உங்கள் கோடில் தவறு தேடாதீர்கள். ஹோம்ப்ரூ வழியாக எல்எல்விஎம் நிறுவிக்கொள்ளுங்கள், அல்லது லினக்ஸ் கன்டெய்னருக்குள் வேலை செய்யுங்கள்.

டாக்கர். முதல் நாள் தேவைப்படாது. ஆனால் ஒன்பதாம் படிக்கு அது இல்லாமல் முடியாது.

சானிடைசரோடு ஓடித் தேறிய பழைய டெஸ்டுகள். பலர் தாண்டிப்போகும் படி இது. உங்கள் யூனிட் டெஸ்டுகளை அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைண்ட் பிஹேவியர் சானிடைசரும் (மொழி வரையறுக்காத செயல்களைப் பிடிப்பது) சேர்த்து ஒருமுறை பில்ட் செய்து ஓட்டுங்கள். ஏற்கெனவே உள்ள டெஸ்டே அங்கே விழுகிறதென்றால், ஃபஸ்ஸர் முதல் வினாடியிலேயே அதில் முட்டி நிற்கும், அதைத் தாண்டி உள்ளே போகாது. முதலில் அவற்றைத் திருத்துங்கள். அன்டிஃபைண்ட் பிஹேவியர் சானிடைசர் சும்மா விட்டால் ஒரு வரி அச்சிட்டுவிட்டு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். பிழை கண்டதும் நிற்க வேண்டுமென்றால் 'நோ சானிடைஸ் ரிகவர்' கொடியையும் சேர்க்க வேண்டும்.

பதில் சொல்ல ஒரு ஆள். கிராஷ் வந்தால் யார் பார்ப்பது என்று ஒரு பெயர் வேண்டும். குழு முகவரி போதாது. எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். கூடவே, பாதுகாப்புப் பிழையைத் தனியாகத் தெரிவிக்க எந்த முகவரி என்று சொல்லும் செக்யூரிட்டி கோப்பும் ரெப்போவில் இருக்கட்டும்.

## 2. எந்த இடத்தைத் தாக்குவது

மெயின் ஃபங்ஷனைத் தேடாதீர்கள். நம்பத் தகாத பைட்டுகள் உங்கள் கோடுக்குள் நுழையும் வாசல் எது என்று பாருங்கள். கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன் வேண்டாம், திறந்தபின் நினைவகத்தில் உள்ள பைட்டுகளைப் பிரிக்கும் ஃபங்ஷன் வேண்டும். கோப்பு முறைமையைத் தொட்டால் வேகம் போய்விடும். வேகம் போனால் ஃபஸ்ஸிங்கில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அப்படி ஒரு ஃபங்ஷன் உங்களிடம் இல்லையா? பல பழைய நூலகங்களில் கோப்புப் பெயரை வாங்கும் ஃபங்ஷன் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் முதல் கமிட் ஹார்னஸாக இருக்கக் கூடாது. பஃபரையும் அதன் நீளத்தையும் வாங்கும் ஒரு ஃபங்ஷனைப் பிரித்தெடுப்பதே முதல் கமிட். பயனர்களும் அதற்கு நன்றி சொல்வார்கள்.

நல்ல மாதிரிக்கு, எழுத்துருவைப் படித்து எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃபஸ் நூலகத்தைப் பாருங்கள். நீங்கள் இந்தத் தமிழை குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ ஆண்ட்ராய்டிலோ படித்துக்கொண்டிருந்தால், 'கொ' என்ற எழுத்தின் ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது பெரும்பாலும் அதுதான். எழுத்துருக் கோப்பு இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடியது, எனவே அதைப் படிக்கும் கோடு தாக்குதலுக்கு நேர் வாசல். ஹார்ஃபஸ் குழு எல்லாவற்றையும் ஒரே ஹார்னஸில் திணிக்கவில்லை. உரையை வடிவமைப்பதற்கு ஒன்று, எழுத்துருவிலிருந்து சிறு பகுதியை வெட்டியெடுப்பதற்கு ஒன்று, எழுத்தின் வெளிக்கோட்டை வரைவதற்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் அப்படியே பிரியுங்கள். ஒரே ஹார்னஸில் முதல் பைட்டைப் பார்த்துப் பத்து ஃபங்ஷன்களில் ஒன்றைக் கூப்பிட்டால், ஒரு ஃபங்ஷனில் உள்ள மேலோட்டமான கிராஷ் மற்ற ஒன்பதையும் மறித்துவிடும்.

## 3. ஹார்னஸ் எழுதுவது

ஹார்னஸ் என்பது ஒரே ஒரு ஃபங்ஷன். பெயர் 'எல்எல்விஎம் ஃபஸ்ஸர் டெஸ்ட் ஒன் இன்புட்'. பைட்டுகளின் முகவரியையும் நீளத்தையும் வாங்கும், பூஜ்யத்தைத் திருப்பும். ஏஎஃப்எல்++, ஹாங்ஃபஸ் ஆகிய எஞ்சின்களும் இதே ஃபங்ஷனை ஏற்றுக்கொள்கின்றன. அதனால் ஒருமுறை எழுதினால் போதும்.

பத்து வரியில் முடிந்துவிடும் வேலை. ஆனால் நான் பார்த்த பிழைகளில் முக்கால்வாசி இந்தப் பத்து வரிக்குள்தான்.

பைட்டுகளைப் பெரிய நிலையான பஃபருக்குள் நகலெடுக்காதீர்கள். புதியவர்கள் பலர் 64 கேபி அளவுள்ள ஒரு அர்ரே அறிவித்து, உள்ளீட்டை அதில் போட்டு, அதைப் பார்சருக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் பார்சர் உள்ளீட்டின் எல்லையைத் தாண்டி நாலு பைட் படித்தால்? அது அந்தப் பெரிய அர்ரேக்குள்ளேயே இருப்பதால் சானிடைசருக்குத் தெரியாது. லிப்ஃபஸ்ஸர் கொடுக்கும் முகவரி சரியான நீளத்துக்கு ஒதுக்கப்பட்டது, அதையே நேராகக் கொடுங்கள். கடைசியில் பூஜ்ய பைட் வேண்டும் என்றால் நீளம் கூட்டல் ஒன்று என்ற அளவில் ஹீப்பில் ஒதுக்கி, அதில் நகலெடுங்கள்.

எக்ஸிட் கூப்பிடக் கூடாது. ஃபஸ்ஸர் ஒரே புராசஸில் லட்சக்கணக்கான தடவை இந்த ஃபங்ஷனை ஓட்டும். தவறான உள்ளீட்டைக் கண்டதும் புராசஸை முடித்துக்கொள்ளும் நூலகமாக இருந்தால், பிழையைத் திருப்பித் தரும்படி நூலகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அது ஹார்னஸ் தீர்க்கும் பிரச்சினை இல்லை.

ஒரு ஓட்டம் அடுத்த ஓட்டத்தைத் தொடக் கூடாது. குளோபல் மாறியில் மிச்சம் இருந்தால், தற்போதைய நேரத்தையோ ராண்டம் எண்ணையோ பயன்படுத்தினால், கிராஷ் கோப்பு கையில் இருந்தும் கிராஷை மறுபடி வரவழைக்க முடியாது. இப்படிப்பட்ட கிராஷை நான் ஒருமுறை இரண்டு நாள் துரத்தியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஒரு கேஷ். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அதைக் காலி செய்ய ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது.

எடுத்த நினைவகத்தை எல்லாப் பாதையிலும் விடுவியுங்கள். பிழை வந்து பாதியில் திரும்பும் பாதையிலும்தான். இல்லையென்றால் லீக் அறிக்கைகள் குவியும், குற்றவாளி உங்கள் ஹார்னஸாக இருக்கும்.

லாக் அச்சிடுவதை நிறுத்துங்கள். உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு எச்சரிக்கை வரி அச்சிடும் நூலகம் திரையை எழுதவே பாதி நேரத்தைச் செலவிடும்.

செக்சம் சோதனையைக் கடக்க வழி செய்யுங்கள். உங்கள் கோப்பு வடிவத்தில் சிஆர்சி (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் ஒரு வகைச் செக்சம் எண்) இருக்கிறதென்றால், ஃபஸ்ஸர் ஒரு பைட்டை மாற்றியதும் சிஆர்சி பொருந்தாமல் பார்சர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதற்கென்றே வழக்கமாகிவிட்ட ஒரு மேக்ரோ இருக்கிறது: 'ஃபஸ்ஸிங் பில்ட் மோட் அன்சேஃப் ஃபார் புரொடக்‌ஷன்'. அது வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் செக்சம் ஒப்பீட்டைத் தாண்டும்படி எழுதுங்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்த மேக்ரோவுக்குள் நீள எல்லைச் சோதனைகளை அணைத்துவிடாதீர்கள். உண்மையில் இல்லாத பிழைகளைத் துரத்த வேண்டிவரும்.

கட்டமைக்கப்பட்ட உள்ளீடு வேண்டுமென்றால் ஃபஸ்டு டேட்டா புரொவைடர் என்ற ஹெடர் கிளாங்கோடு வருகிறது. ஓர் எண், ஒரு பூலியன், பிறகு மிச்ச பைட்டுகள் என்று பிரித்துத் தரும். ஒரு சூட்சுமம்: எண்களை அது பைட்டுகளின் கடைசியிலிருந்து எடுக்கும். எனவே நிஜக் கோப்புகளை அப்படியே விதையாக (ஃபஸ்ஸருக்குக் கொடுக்கும் தொடக்க உள்ளீடாக) போட்டால், வாலிலுள்ள பைட்டுகள் வெட்டப்பட்டுவிடும். வடிவம் முழுதாக ஒரே கோப்பாக இருந்தால் இந்த ஹெடரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கிராஷ் மட்டும்தான் பிழை என்றும் இல்லை. படித்ததை எழுதி, எழுதியதை மறுபடி படித்து, இரண்டும் ஒன்றா என்று அசர்ட் போடுங்கள். நினைவகப் பிழையே வராத மொழிகளில் ஃபஸ்ஸிங் பலன் தருவது பெரும்பாலும் இந்த வகை அசர்ட்டுகளால்தான். ரிலீஸ் பில்டில் அசர்ட்டுகள் அணைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஃபஸ் பில்டில் அவை உயிரோடு இருக்க வேண்டும்.

## 4. சொந்தக் கணினியில் முதல் ஓட்டம்

ஹார்னஸைப் பில்ட் செய்யும்போது ஃபஸ்ஸர், அட்ரஸ் என்ற இரு சானிடைஸ் மதிப்புகளையும், டீபக் தகவலையும், முதல் நிலை ஆப்டிமைசேஷனையும் கொடுங்கள். நூலகத்தைப் பில்ட் செய்யும்போது 'ஃபஸ்ஸர் நோ லிங்க்' என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். அது அளவீட்டை (கோடின் எந்த இடம் ஓடியது என்று ஃபஸ்ஸருக்குச் சொல்லும் பகுதியை) மட்டும் சேர்க்கும், மெயினைக் கொண்டுவராது.

ஹார்னஸுக்கு மட்டும் கொடி கொடுத்து, நூலகத்தைச் சாதாரணமாகப் பில்ட் செய்து இணைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எல்லாம் ஓடும். வினாடிக்கு லட்சம் ஓட்டங்கள் என்று திரையில் பெருமையாகக் காட்டும். ஆனால் ஃபஸ்ஸருக்கு நூலகத்துக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியாது. நான் முதன்முதலில் எழுதிய ஹார்னஸ் இப்படி ஓர் இரவு முழுக்க ஓடியது. காலையில் கிராஷ் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டேன்!

ஆகவே திரையில் ஓடும் எண்களைப் படிக்கப் பழகுங்கள். 'கவ்' என்பது தொட்ட இடங்களின் எண்ணிக்கை, 'கார்ப்' என்பது சேர்ந்துள்ள சுவாரசியமான உள்ளீடுகள், 'எக்செக்' என்பது வினாடிக்கு எத்தனை ஓட்டம். முதல் நிமிடத்தில் 'கவ்' மளமளவென ஏற வேண்டும். பத்து இருபதில் நின்றுவிட்டால், அல்லது 'சுவாரசியமான உள்ளீடு எதுவும் கிடைக்கவில்லை' என்ற எச்சரிக்கை வந்தால், நூலகத்தில் அளவீடு சேரவில்லை, அல்லது ஹார்னஸ் முதல் வரியிலேயே திரும்பிவிடுகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, சின்ன பார்சர் ஒன்று வினாடிக்கு ஆயிரம் ஓட்டங்களைத் தாண்டினால் எனக்கு நிம்மதி. நூறுக்குக் கீழே போனால் காரணம் தேடுவேன்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். பார்சருக்குள் கொஞ்சம் ஆழமான ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு அபார்ட் எழுதி, ஃபஸ்ஸர் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்தால் அந்த வரியை அழித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

## 5. விதைக் கோப்புகளும் அகராதியும்

வெறும் கையோடு தொடங்கினால் ஃபஸ்ஸர் உங்கள் கோப்பு வடிவத்தின் தலைப்பகுதியை ஊகிக்கவே நாள் கணக்கில் அலையும். சரியான சில கோப்புகளைக் கொடுத்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

உங்கள் டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளே முதல் விதை. சிறியவையாகப் பொறுக்குங்கள். சில கேபி போதும். ஒரு அம்சத்துக்கு ஒரு கோப்பு என்று இருப்பது, எல்லா அம்சமும் உள்ள ஒரு 5 எம்பி கோப்பைவிட நூறு மடங்கு பயன். பெரிய கோப்பில் ஃபஸ்ஸர் மாற்றும் பைட் பெரும்பாலும் எதையும் பாதிக்காத படப்புள்ளியிலோ உரையிலோ போய் விழும்.

விதை எதுவுமில்லையென்றால் லிப்ஃபஸ்ஸர் 4,096 பைட்டுக்கு மேல் போகாது. விதை இருந்தால் அதன் அளவிலிருந்து எல்லையை ஊகிக்கும். உங்கள் வடிவத்தில் ஒரு அம்சம் 4 கேபிக்குப் பிறகுதான் தொடங்கும் என்றால், 'மேக்ஸ் லென்' மதிப்பை நீங்களே கொடுங்கள்.

அகராதி என்பது ஒரு வரிக்கு ஒரு சொல் கொண்ட சாதாரண உரைக்கோப்பு. மேஜிக் எண்கள், டேக் பெயர்கள், முக்கியச் சொற்கள். அரை மணி நேர வேலை, பலன் அதைவிடப் பெரிது.

பயனர்கள் பிழை அறிக்கையோடு இணைத்த கோப்புகளை விதையாகப் போடுமுன் யோசியுங்கள். அதில் ஒருவரின் சம்பளச் சீட்டோ மருத்துவ அறிக்கையோ இருக்கலாம். ரெப்போவில் போனது போனதுதான்.

சில நாள் ஓடியதும் கார்பஸ் (ஃபஸ்ஸர் சேர்த்து வைக்கும் உள்ளீடுகளின் தொகுப்பு) ஆயிரக்கணக்கில் வளரும். 'மெர்ஜ்' கொடியோடு ஒரு புதிய காலி ஃபோல்டருக்குள் ஓட்டினால், அதே கவரேஜை (ஓட்டத்தில் தொட்ட கோடின் அளவை) தரும் சிறு தொகுப்பாக அது சுருங்கும். அந்தச் சுருங்கிய தொகுப்பைச் சேமித்து வையுங்கள்.

## 6. கவரேஜ் பார்க்காமல் அடுத்த படி ஏறாதீர்கள்

கிராஷ் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: கோடு நன்றாக இருக்கிறது, அல்லது ஃபஸ்ஸர் அங்கே போகவேயில்லை. எது என்று சொல்வது கவரேஜ் அறிக்கை மட்டும்தான்.

கிளாங்கின் கவரேஜ் கொடிகளோடு தனியாக ஒரு பில்ட் செய்து, சேர்ந்துள்ள கார்பஸை அதில் ஓட்டி, எல்எல்விஎம்-கவ் கொண்டு பக்கமாக மாற்றுங்கள். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், சிவப்பு வரிகளைப் பாருங்கள். ஒரு ஃபங்ஷன் முழுக்கச் சிவப்பாக இருந்தால், அதற்குமுன் எந்த இஃப் நிபந்தனை மறிக்கிறது என்று தேடுங்கள். மறிப்பது செக்சம் என்றால் மூன்றாம் படிக்குப் போங்கள். அம்சமே விதையில் இல்லையென்றால் ஐந்தாம் படி. ஹார்னஸ் கூப்பிடவே இல்லை என்றால் புதிய ஹார்னஸ்.

பச்சையும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2023 செப்டம்பரில், வெப்பி படக் கோப்புகளைப் படிக்கும் லிப்வெப்பி நூலகத்தில், சுருக்கத்தைப் பிரிக்க உதவும் ஹஃப்மன் அட்டவணை கட்டும் இடத்தில் ஒரு ஹீப் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதுவது) வெளியே வந்தது. பாதுகாப்புப் பிழைகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2023-4863. அந்த நூலகம் ஏற்கெனவே ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குறிப்பிட்ட வகையில் ஒன்றோடொன்று பொருந்தும் பல அட்டவணைகள் ஒரே கோப்பில் அமைந்தால்தான் அந்தப் பிழை எழும். பைட்டுகளைக் குருட்டுத்தனமாக மாற்றி அங்கே போய்ச் சேர்வது ரொம்பக் கடினம். இப்படிச் சிக்கலான கணக்கு செய்யும் உள் ஃபங்ஷன் உங்களிடம் இருந்தால், முழு பார்சர் வழியாகப் போகாமல் அந்த ஃபங்ஷனுக்கே நேராக ஒரு ஹார்னஸ் எழுதுங்கள்.

## 7. முதல் குவியலை அடுக்குவது

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் கட்டம் இது. பயப்பட வேண்டாம், ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் கிராஷ் கோப்பு ஒன்றை மட்டும் கொடுத்து அதே பைனரியை மறுபடி ஓட்டுங்கள். திரும்ப வருகிறதா? வரவில்லையென்றால் ஹார்னஸில் நிலை மிச்சம் இருக்கிறது. வந்தால் 'மினிமைஸ் கிராஷ்' கொடியால் கோப்பைச் சுருக்குங்கள். இருபது பைட்டாகச் சுருங்கிய கோப்பைக் கண்ணால் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம் பல நேரம்.

அடுத்து ஸ்டாக்கின் மேல் மூன்று வரிகளைப் பார்த்துக் குழுவாக்குங்கள். ஒரு குழுவில் ஒன்றைத் திருத்தினால் மற்றவை தானாக மறைகின்றனவா பாருங்கள். பத்துக்கு ஏழு மறையும்.

டைம்அவுட்டும் நினைவகம் தீர்ந்ததும் தனிச் சாதி. கோப்பில் 'நான் 400 கோடி உறுப்புகள் வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருப்பதை நம்பி அவ்வளவு நினைவகம் கேட்கும் கோடு எல்லா நூலகத்திலும் ஒன்றாவது இருக்கும். மிச்சமுள்ள பைட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிட்டு ஒதுக்குங்கள். ஹார்ஃபஸ் இதற்கு வேறொரு வழியும் வைத்திருக்கிறது: உரையின் நீளத்துக்கேற்ப, எத்தனை செயல்கள் வரை அனுமதி என்று ஓர் உச்சவரம்பு. எழுத்துரு அதைத் தாண்டச் சொன்னால் நிறுத்திவிடும். லிப்ஃபஸ்ஸரில் டைம்அவுட் இயல்பாக 1,200 வினாடி. அது ரொம்பத் தாராளம். 25 என்று குறைத்துக்கொள்ளுங்கள், ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸும் அதையே வைத்திருக்கிறது.

திருத்திய ஒவ்வொரு கிராஷ் கோப்பையும் ரெப்போவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். எட்டாம் படிக்கு அதுதான் முதலீடு. கோ மொழிக்காரர்களுக்கு இந்த வேலை தானாகவே நடந்துவிடுகிறது: தோற்ற உள்ளீடு டெஸ்ட்டேட்டா ஃபோல்டருக்குப் போய், அடுத்த முறை சாதாரண டெஸ்ட் ஓட்டும்போதே ஓடும்.

ஒரு எச்சரிக்கை. வெளியான பதிப்பிலும் இருக்கும் ஹீப் எழுத்துப் பிழையை, கிராஷ் கோப்போடு பொது இஷ்யூவாகத் திறக்காதீர்கள். மற்றவர் திட்டத்துக்கு நீங்கள் ஃபஸ்ஸிங் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஹார்னஸ் புல் ரிக்வஸ்டை அனுப்புமுன் கிராஷ்களைத் தனி மின்னஞ்சலில் சொல்லுங்கள். ஆளறியாமல் வந்து முப்பது கிராஷ்களைக் கொட்டிவிட்டுப் போகிறவரை எந்தப் பராமரிப்பாளரும் விரும்புவதில்லை.

## 8. சிஐயில் இரண்டு வேகங்கள்

குவியல் காலியான பிறகுதான் சிஐ. அதற்குமுன் இணைத்தால், சம்பந்தமேயில்லாத ஒரு எழுத்துப்பிழைத் திருத்தப் புல் ரிக்வஸ்ட் பழைய கிராஷால் சிவப்பாகும். பங்களிக்க வந்தவர் போய்விடுவார்.

வேகமானது: சேமித்த கார்பஸையும் பழைய கிராஷ் கோப்புகளையும் புதிய உள்ளீடு உருவாக்காமல் ஒருமுறை ஓட்டுவது. சில வினாடிகள்தான், முடிவு ஒவ்வொரு முறையும் ஒன்றே. இதைச் சாதாரண டெஸ்டாகவே சேர்த்து, எல்லாப் புல் ரிக்வஸ்டுக்கும் கட்டாயமாக்குங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்து நிறுத்தினாலும் பாதி கிணறு தாண்டியதாகச் சொல்லமாட்டேன், முக்கால் கிணறு.

மெதுவானது: நிஜ ஃபஸ்ஸிங். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கும் கிட்லேபுக்கும் கிளஸ்டர்ஃபஸ்லைட் (சிஐக்குள்ளேயே ஃபஸ்ஸிங் ஓட்டும் கருவி) பொருந்தும். ரெப்போவில் அதற்கென்று ஒரு ஃபோல்டர், உள்ளே டாக்கர்ஃபைலும் பில்ட் ஸ்கிரிப்டும். புல் ரிக்வஸ்டுக்கு இயல்பாக 600 வினாடி ஓடும். அந்தப் பத்து நிமிடத்தை எல்லா ஹார்னஸும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இரவில் பேட்ச் முறையில் மணிக்கணக்காக ஓடவிட்டு, தினம் ஒருமுறை கார்பஸைக் கத்தரிக்கும் வேலையையும் கவரேஜ் வேலையையும் சேர்த்துவிடுங்கள்.

பேட்ச் வேலை இல்லாமல் புல் ரிக்வஸ்ட் வேலையை மட்டும் வைப்பவர்கள் உண்டு. கார்பஸ் வளராததால் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நிமிடம் முதலிலிருந்தே தொடங்கும். செலவுக்கு ஏற்ற பலன் வராது.

## 9. ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் சேர்வது

பலரும் பயன்படுத்தும் திட்டங்களுக்கு, அல்லது இணையக் கட்டமைப்புக்கு முக்கியமான திட்டங்களுக்கு கூகுள் இலவசமாக இயந்திரம் தருகிறது. வார இறுதியில் எழுதிய நூலகத்தை ஏற்கமாட்டார்கள். அதற்குக் கிளஸ்டர்ஃபஸ்லைட்டே போதும்.

மூன்று கோப்புகள்: புராஜெக்ட் டாட் யாம்ல், டாக்கர்ஃபைல், பில்ட் டாட் எஸ்ஹெச். ஹார்னஸ் கோடு மட்டும் உங்கள் ரெப்போவிலேயே இருக்கட்டும். ஓஎஸ்எஸ்-ஃபஸ் ரெப்போவில் வைத்தால் உங்கள் ஏபிஐ மாறும்போது யாரும் அதைத் திருத்தமாட்டார்கள்.

பில்ட் ஸ்கிரிப்டில் எந்தக் கொடியையும் நீங்களாக எழுதாதீர்கள். கம்பைலர், அதன் கொடிகள், ஃபஸ்ஸிங் எஞ்சின், வெளியீட்டு ஃபோல்டர் எல்லாம் சூழல் மாறிகளாக வரும். ஒரே ஸ்கிரிப்ட் வேறுவேறு சானிடைசர், வேறுவேறு எஞ்சினோடு பலமுறை ஓடுகிறது. உங்கள் மேக்ஃபைல் சிஃபிளாக்ஸை அழித்துவிட்டுத் தன் மதிப்பை எழுதிக்கொண்டால், எல்லாம் பச்சையாகத் தெரியும், அளவீடு மட்டும் இருக்காது. நாலாம் படியின் அதே பிழை, வேறு உடையில்.

அடுத்தது டைனமிக் நூலகம். பில்ட் ஆகும் கன்டெய்னர் வேறு, ஓடும் கன்டெய்னர் வேறு. ஆப்ட் மூலம் நிறுவிய நூலகம் இரண்டாவதில் இருக்காது. ஸ்டாட்டிக்காக இணையுங்கள்.

விதைக் கோப்புகளை ஹார்னஸ் பெயரோடு 'அண்டர்ஸ்கோர் சீட் கார்பஸ்' சேர்த்து ஸிப்பாக வெளியீட்டு ஃபோல்டரில் வையுங்கள். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது, பிழையும் சொல்லாது.

அனுப்புமுன் ஓஎஸ்எஸ்-ஃபஸ் ரெப்போவில் உள்ள ஹெல்பர் ஸ்கிரிப்டைக் கொண்டு இமேஜ் பில்ட், ஃபஸ்ஸர் பில்ட், பில்ட் சோதனை, ஓட்டம், கவரேஜ் என்ற வரிசையில் எல்லாவற்றையும் உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள். மெமரி சானிடைசரை (மதிப்பு எழுதாத நினைவகத்தைப் படிப்பதைப் பிடிப்பது) முதல் மாதம் தள்ளிவையுங்கள். நீங்கள் சார்ந்திருக்கும் எல்லா நூலகமும் அதோடு பில்ட் ஆகியிருந்தால்தான் அது சரியாகப் பேசும், இல்லையென்றால் பொய்ப் புகார்தான்.

பிழை அறிக்கை 90 நாளில் பொதுவெளிக்கு வந்துவிடும். ஆகவே முதன்மைத் தொடர்பு என்று கொடுக்கும் முகவரி கூகுள் கணக்கோடு இணைந்ததாகவும், தினம் திறக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும்.

அந்த முகவரியையும் அந்த மூன்று கோப்புகளையும் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் திட்டத்துக்குள் ஒளித்து வைத்த பின்கதவு விவகாரத்தில், முந்தைய ஆண்டே ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் அத்திட்டத்தின் முதன்மைத் தொடர்பு மாற்றப்பட்டிருந்தது. பிறகு ஐஃபங்க் என்ற அம்சத்தை (ஒரு ஃபங்ஷனின் எந்த வடிவத்தை ஓட்டுவது என்று நிரல் ஏறும்போது தேர்ந்தெடுப்பது) ஃபஸ் பில்டில் மட்டும் அணைக்கும் புல் ரிக்வஸ்டும் போனது. பின்கதவு அந்த அம்சத்தின் வழியாகத்தான் நுழைந்தது. அப்போது பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பில்ட் திருத்தம். ஃபஸ் அமைப்பில் எதையாவது அணைக்கும் மாற்றம் வந்தால் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி வையுங்கள்.

## 10. ஓடிக்கொண்டே இருக்க

ஃபஸ்ஸிங் சாவது பெரும்பாலும் பில்ட் உடைந்து. யாரோ ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுவார்கள், ஹார்னஸ் பில்ட் ஆகாது, மின்னஞ்சல் வரும், யாரும் பார்க்கமாட்டார்கள். ஆறு மாதம் ஒரு பைட்கூட ஓடியிருக்காது. இதற்கு மருந்து: ஹார்னஸ்களை உங்கள் வழக்கமான பில்டின் பகுதியாக்குங்கள். ஃபஸ்ஸர் இல்லாத இடத்தில், கோப்பைப் படித்து அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் பத்து வரி மெயின் ஒன்றோடு இணைத்தால் போதும். பெயரை மாற்றியவரின் கணினியிலேயே உடையும், அவரே திருத்திவிடுவார்.

பங்களிப்பு விதிகளில் ஒரு வரி சேருங்கள்: புதிய கோப்பு அம்சம் சேர்ப்பவர் அதற்கு ஒரு விதைக் கோப்பும் தர வேண்டும். ஹார்னஸ் எழுதச் சொன்னால் தயங்குகிறவர்கள்கூட ஒரு மாதிரிக் கோப்பு கேட்டால் தந்துவிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை கவரேஜ் அறிக்கையைத் திறந்து பதினைந்து நிமிடம் சிவப்பு வரிகளைப் பாருங்கள். போன மாதம் பச்சையாக இருந்த ஒரு கோப்பு இப்போது சிவப்பென்றால், அதைத் தொட்ட கமிட்டைத் தேடி ஆறாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.